கடைக் கம்ப்யூட்டர் ஏன் சூடேறுகிறது?

நம்மவர் கடைகளில் கணக்கப்பிள்ளையும் பேரேடும் இருந்த இடத்தில் இன்று கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. ஜவுளியோ, மளிகையோ, பணமாற்று வியாபாரமோ, சாப்பாட்டுக் கடையோ, எதுவானாலும் பில் போடுவதும் சரக்கிருப்புப் பார்ப்பதும் பற்று வரவு எழுதுவதும் அந்தப் பெட்டிக்குள்தான் நடக்கின்றன. மலேசியாவில் 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி முதல் இ-இன்வாய்ஸ் முறை பெரிய வியாபாரங்களில் தொடங்கிப் படிப்படியாக அமலுக்கு வந்தது. கணக்குகளை மலேசியாவில் 7 ஆண்டுகளும் சிங்கப்பூரில் 5 ஆண்டுகளும் வைத்திருக்க வேண்டும் என்பது வரிச் சட்டம். ஆகவே பெட்டி நின்றுபோனால் கடையே பாதி நின்ற மாதிரிதான். பெருநாளுக்கு முந்திய இரவில், வாடிக்கைக்காரர்கள் வரிசை பிடித்து நிற்கும் நேரத்தில், பில் ஏறியும் ஏறாமலும் திரை கறுத்துப்போனால் முதலாளியின் முகம் எப்படியிருக்கும் என்பதை நாம் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

இப்படி நின்றுபோவதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் நமது உஷ்ண பூமியில் மிகச் சாதாரணமானதும், கவனித்தால் மிகக் குறைந்த செலவில் தீரக்கூடியதும் பிராசசர் சூடேறுவதுதான். "பிராசசர் போய்விட்டது, புதுப் பெட்டி வாங்கிவிடுங்கள்" என்று சொல்பவரிடம் உடனே காசை எண்ணிக் கொடுத்துவிட வேண்டாம் என்று சொல்லவே இதை எழுதுகிறோம். சூட்டினால் நின்ற பெட்டிகளில் பிராசசர் உண்மையிலேயே கெட்டிருப்பது அபூர்வம். அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

பிராசசர் என்பது பெட்டிக்குள் கணக்குப் போடும் சில்லு. தீப்பெட்டி அளவுகூட இராது. அதற்குள் போகும் மின்சாரம் அனேகமாக முழுவதும் உஷ்ணமாகவே வெளியே வருகிறது. 1978இல் வந்த இன்டெல் 8086 சில்லு ஒன்றிரண்டு வாட் மின்சாரத்தோடு திருப்தியடைந்தது. அதற்கு விசிறியும் இல்லை, ஒன்றும் இல்லை. 1993இல் வந்த முதல் பென்டியம் சுமார் 15 வாட் சாப்பிட்டது. 2004 வாக்கில் பென்டியம் 4 வகைகளில் சில 115 வாட் வரை போய்விட்டன. இன்று கடைகளில் இருக்கும் சாதாரண சில்லுகள் 65 வாட் கணக்கில் விற்கப்படுகின்றன. பாரம் ஏறும்போது கொஞ்ச நேரம் 100 வாட்டுக்கு மேலும் இழுக்கும். முன்காலத்து 60 வாட் குண்டு பல்பை எரியும்போது தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது என்ன சூடு என்று தெரியும். அத்தனை சூடும் தீப்பெட்டியைவிடச் சிறிய இடத்திலிருந்து கிளம்புகிறது.

நமது தொழில் பாஷையில் சொல்வதானால் இது கிட்டங்கி விவகாரம். வந்து இறங்குகிற சரக்கின் வேகத்துக்குச் சரக்கு வெளியே போய்க்கொண்டிருக்க வேண்டும். எங்காவது ஒரு வாசல் அடைபட்டால் உள்ளே மூட்டை ஏறிக்கொண்டே போகும். சில்லில் பிறந்த உஷ்ணம் முதலில் ஒரு மெல்லிய பசையைக் கடக்கிறது. அதற்குத் தெர்மல் பேஸ்ட் என்று பெயர். பிறகு அதன்மேல் உட்கார்ந்திருக்கும் அலுமினியம் அல்லது செம்புச் சிறகுகள் கொண்ட ஹீட் சிங்க் என்னும் கட்டிக்குள் ஏறுகிறது. சிறகுகளிலிருந்து விசிறி அதைக் காற்றில் தள்ளுகிறது. பெட்டியின் பின்புறத் துளைகள் வழியாக அந்தக் காற்று வெளியேறி அறையில் கலக்கிறது. இந்த வழியில் எந்த வாசல் அடைபட்டது என்று கண்டுபிடிப்பதே முழு வேலையும். வெளி வாசலிலிருந்து உள் வாசலுக்குப் போக வேண்டும். வெளியே பார்ப்பதற்குக் காசில்லை. உள்ளே போகப் போகத்தான் செலவும் அபாயமும்.

பிராசசர் அவ்வளவு சுலபமாகக் கெடாது என்றோமல்லவா? 2001ஆம் ஆண்டில் டாம்ஸ் ஹார்ட்வேர் என்னும் ஏட்டினர் ஒரு பரீட்சை செய்து காட்டினார்கள். ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர்களில் பிராசசர் மேலிருந்த ஹீட் சிங்கை அப்படியே கழற்றி எடுத்தார்கள். அக்காலத்து ஏஎம்டி அத்லான் புகைந்து கெட்டது. பென்டியம் 4 மட்டும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு தொடர்ந்து ஓடியது. இன்றைய சில்லுகள் இந்தத் தற்காப்போடுதான் வருகின்றன. பெரும்பாலும் 95 அல்லது 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் அடங்காமல் மேலே போனால் மின்சாரத்தை வெட்டிக்கொண்டு அணைந்துவிடும். பெட்டி திடீரென்று நின்றது என்றால் சில்லு செத்தது என்று அர்த்தமில்லை. சாகாமல் தப்பித்துக்கொண்டது என்றே அர்த்தம். ஆனால் அது தப்பிக்கும் அந்த நொடியில் எழுதிக்கொண்டிருந்த கணக்கு அரைகுறையாகிவிடும். பல தடவை நடந்தால் பில் போடும் மென்பொருளின் தரவுக் கோப்பே பழுதாகலாம். நமக்கு நஷ்டம் அதில்தான், சில்லில் அல்ல.

ஆகையால் சூடு என்று சந்தேகம் வந்த அன்றே, எதையும் கழற்றுமுன், கணக்குக் கோப்புகளை வேறொரு வட்டிலோ பென்டிரைவிலோ பிரதி எடுத்து வையுங்கள். இதைச் செய்யாமல் பெட்டியைப் பழுதுபார்ப்பவரிடம் தூக்கிக் கொடுப்பது, சாவியோடு கல்லாவைக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

இனி, சூடுதானா என்று எப்படி அறிவது? அணைந்த பெட்டியை உடனே போட்டால் முன்னைவிடச் சீக்கிரம் அணைகிறது, அரைமணி நேரம் ஓய்வு கொடுத்துப் போட்டால் நன்றாக ஓடுகிறது என்றால் பெரும்பாலும் சூடுதான். காலையில் குளிர்ந்து கிடக்கும்போதே அணைகிறது என்றால் பவர் சப்ளையையோ, மெமரியையோ, சுவரிலிருக்கும் பிளக்கையோ சந்தேகப்பட வேண்டும். அணையாமல், பிற்பகலில் மட்டும் ஆமை வேகத்தில் ஓடி, விசிறி மாத்திரம் விமானம் மாதிரி இரைந்தால் சில்லு வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். விண்டோஸில் ஈவென்ட் வியூவர் என்றொரு குறிப்பேடு உண்டு. அதில் கெர்னல் பவர் 41 என்று பதிவாகியிருந்தால் பெட்டி முறைப்படி மூடப்படாமல் நின்றது என்று மட்டும் தெரியும். மின்வெட்டானாலும் அதே எண்தான் வரும், ஆகவே அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம்.

சரியான சாட்சி உஷ்ணமானிதான். அது சில்லுக்குள்ளேயே இருக்கிறது. பெட்டியைப் போட்டவுடன் டெலிட் அல்லது எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டிருந்தால் பயோஸ் என்னும் பக்கம் திறக்கும். அங்கே பிராசசரின் டிகிரியும் விசிறியின் சுற்றும் காட்டப்படும். வேலை நடக்கும்போதே பார்க்க வேண்டுமானால் கோர் டெம்ப், எச்டபிள்யூ இன்ஃபோ போன்ற மென்பொருள்கள் உண்டு. விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் பிராசசரின் உஷ்ணத்தைக் காட்டாது என்பதையும் சொல்லிவைக்கிறோம். நமது சீதோஷ்ணத்தில் சும்மா இருக்கும்போது 40 முதல் 50 வரையிலும், வேலையின்போது 60 முதல் 75 வரையிலும் இருந்தால் கவலையில்லை. பில் போடும் சாதாரண வேலைக்கே 85க்கு மேல் நிலையாக நின்றால் ஏதோ ஒரு வாசல் அடைபட்டிருக்கிறது. 2022இல் வந்த ஏஎம்டி ரைசன் 7000 வரிசை போன்ற சிலவற்றைப் பாரமான வேலையில் 95 டிகிரி வரை போகும்படியே அமைத்திருக்கிறார்கள்; அது வேறு கதை. நாலு புடவைக்குப் பில் போடுவது பாரமான வேலையல்ல.

டிகிரி எவ்வளவு என்பதைவிட எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதைக் கவனிப்பது முக்கியம் என்பது நமது அபிப்பிராயம். இரவெல்லாம் அணைந்து கிடந்த பெட்டி, போட்ட ஒரு நிமிடத்தில் 90க்குத் தாவுகிறதா? ஹீட் சிங்க் சில்லின்மேல் சரியாக உட்காரவில்லை, அல்லது விசிறி சுற்றவில்லை. ஒரு மணி, இரண்டு மணி என்று மெல்ல மெல்ல ஏறுகிறதா? காற்றுப் போக்குவரத்தில் கோளாறு; தூசியோ இடநெருக்கடியோ காரணம். இன்னொரு பரீட்சையும் உண்டு. பெட்டியை அணைத்துப் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு, மறுபடி ஓட்டிப் பாருங்கள். 10 டிகிரியோ அதற்கு மேலோ இறங்கினால் குற்றம் பெட்டியின் காற்றோட்டத்தில் இருக்கிறது. அசையாமல் அப்படியே நின்றால் குற்றம் ஹீட் சிங்கிலோ பேஸ்டிலோ இருக்கிறது. இது சோதனைக்கு மட்டுமே. தகட்டைக் கழற்றியபடியே மாதக்கணக்கில் ஓட்டி, மேசை விசிறியைத் திருப்பி வைத்திருக்கும் கடைகள் உண்டு. தூசி இரட்டிப்பாகச் சேரும்; பல்லியும் கரப்பானும் குடிபுகுந்தால் பிறகு சூட்டைவிடப் பெரிய விபரீதம்.

நமக்குத் தெரிந்த ஜவுளி வியாபாரி ஒருவரின் கடையில் தினமும் அஸர் நேரத்துக்குப் பெட்டி அணைந்துகொண்டிருந்தது. பார்க்க வந்தவர் புதுப் பெட்டிக்கு 1,800 வெள்ளி விலை சொல்லிவிட்டுப் போயிருந்தார். நாம் போய்ப் பார்த்தபோது கம்ப்யூட்டர் கல்லா மேசைக்கு அடியில் ஒரு மர அலமாரிக்குள், கதவு பூட்டியபடி ஓடிக்கொண்டிருந்தது. "என்ன காக்கா, மெஷினைப் பூட்டி வைத்திருக்கிறீர்களே?" என்றோம். "திருட்டுப் பயம் தம்பி, வேறென்ன" என்றார். அலமாரிக்குள் கையை விட்டால் குளிர்கால நாட்டார் குளிர் காயலாம் போலிருந்தது. பெட்டி தான் கக்கிய அனலையே திரும்ப உறிஞ்சிக்கொண்டிருந்தது. அறையின் உஷ்ணம் 5 டிகிரி ஏறினால் சில்லின் உஷ்ணமும் ஏறக்குறைய அதே 5 டிகிரி ஏறும் என்பது கணக்கு. அந்த அலமாரிக்குள் கடையைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி அதிகம் இருந்திருக்கும்.

கதவைத் திறந்து வைத்து, பின்பக்கம் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்ததிலேயே கொஞ்சம் இறங்கியது. பிறகு பெட்டியைத் திறந்தோம். விசிறிக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே துணிப் பஞ்சு படிந்து படிந்து ஒரு கம்பளித் துண்டாகவே ஆகியிருந்தது. விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஒரு மூச்சுக் காற்றும் சிறகுகளுக்குப் போகவில்லை. அதை உரித்து எடுத்தபின் 97 காட்டிய உஷ்ணமானி 60க்குக் கீழே வந்தது. பூட்டுக்குப் பதிலாகக் கம்பி வலைக் கதவு ஒன்று போட்டுக்கொள்ளச் சொன்னோம். 1,800 வெள்ளி மிஞ்சியது.

சுத்தம் செய்யும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடை அடைக்கிறவர்களுக்கு அது நல்ல சந்தர்ப்பம். திரும்பி வரும்போது பெட்டி ஆறியிருக்கும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். நம் நாடுகளில் வருவது 230 வோல்ட். பிடுங்கியபின் பெட்டியின் பொத்தானை ஒருமுறை அழுத்திவிடுங்கள். மிச்ச மின்சாரம் வடியும். பெட்டியின் வெறும் உலோகச் சட்டத்தை அவ்வப்போது தொட்டுக்கொண்டு வேலை செய்தால் உடம்பிலிருக்கும் நிலைமின்சாரம் சில்லுகளைத் தாக்காது. ஐந்தடிக்கு வெளியே கொண்டுபோய் டப்பாக் காற்றாலோ ஊதுகருவியாலோ ஊதுங்கள். கடைக்குள் ஊதினால் அந்தத் தூசி சரக்கின்மேல் உட்காரும். டப்பாவை நிமிர்த்தியே பிடிக்க வேண்டும். சாய்த்தால் உள்ளிருக்கும் திரவம் தெறிக்கும். ஊதும்போது விசிறியை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அது அளவுக்கு மீறிச் சுழன்றால் அச்சு தேய்ந்துவிடும். வீட்டு வேக்குவம் கிளீனரை உள்ளே விடுவது நல்லதல்ல. அதன் முனையில் நிலைமின்சாரம் சேரும். பவர் சப்ளை என்னும் உள்பெட்டியை மட்டும் எந்தக் காரணத்தைக் கொண்டும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆளைத் தூக்கியடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். வெளியிலிருந்து ஊதுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஜவுளிக் கடையின் பஞ்சு ஊதினால் போய்விடும். மளிகைக் கடையின் மாவும் மிளகாய்த் தூளும் அப்படியே. சாப்பாட்டுக் கடையின் தூசிதான் பொல்லாதது. தாளிப்பு எண்ணெயின் ஆவி சிறகுகளில் படிந்து, அதன்மேல் தூசி ஒட்டி, பசைபோல் இறுகிவிடும். அதை ஊதிப் பயனில்லை. ஹீட் சிங்கைக் கழற்றி, மென்மையான தூரிகையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் கொண்டு தேய்க்க வேண்டும். சாம்பிராணிப் புகையும் ஊதுபத்தியும் தினமும் பெட்டிக்குப் பக்கத்தில் போடுகிறவர்களுக்கும் இதே கதிதான்.

இவ்வளவும் செய்து இறங்கவில்லையென்றால் பேஸ்டைப் பார்க்க வேண்டும். சில ஆண்டுகளில் அது காய்ந்து சுண்ணாம்புபோல் பொருக்குத் தட்டிவிடும். இந்த இடத்தில் கைப் பழக்கமில்லாதவர்கள் தெரிந்தவரைக் கூப்பிட்டுக்கொள்வதே உத்தமம். ஆனால் அவர் செய்வது சரியா என்று பார்க்க நமக்குத் தெரிந்திருக்க வேண்டுமே. இன்டெல் பெட்டியோடு வரும் ஹீட் சிங்குகளில் பெரும்பாலும் நான்கு மூலையிலும் நான்கு பிளாஸ்டிக் முளைகள் இருக்கும். அம்புக்குறி காட்டும் திசையில் திருப்பினால் விடுபடும். கடை மாற்றும்போது லாரியில் ஆடி அசைந்து வந்த பெட்டிகளில் இந்த முளைகளில் ஒன்று கழன்று, ஹீட் சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்பதுண்டு. ஒரு நிமிடத்தில் 90க்குத் தாவுகிறதென்றோமே, அதற்கு இதுவே அடிக்கடி காரணம். ஏஎம்டியின் ஏஎம்4 வகைப் பெட்டிகளில் வேறொரு ஆபத்து. அவற்றில் ஊசிக்கால்கள் சில்லின் அடியில் இருக்கும். காய்ந்த பேஸ்ட் பிசின்போல் ஒட்டியிருக்க, ஹீட் சிங்கை நேராக இழுத்தால் சில்லும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்து கால்கள் வளைந்துவிடும். சில நிமிடங்கள் ஓட்டி வெதுவெதுப்பாக்கி, அணைத்துப் பிளக்கைப் பிடுங்கியபின், இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுக்க வேண்டும்.

பழைய பேஸ்டை ஆல்கஹாலால் சுத்தமாகத் துடைக்க வேண்டும். அத்தர், சென்ட் எதுவும் உதவாது. அவற்றிலுள்ள எண்ணெய் தங்கிவிடும். புதிய பேஸ்ட் நடுவில் ஒரு பட்டாணி அளவு போதும். கலயத்துக்குச் சுண்ணாம்பு பூசுவதுபோல் அப்புகிறவர்களைக் கண்டிருக்கிறோம். பேஸ்டின் வேலை இரண்டு உலோகங்களுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்களை நிரப்புவது மட்டுமே. தடித்துப்போனால் அதுவே தடையாகிவிடும். புது ஹீட் சிங்க் வாங்கினால் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அதை உரிக்காமல் மாட்டிவிட்டு, "புதுசும் சூடாகிறதே" என்று தலையில் கை வைக்கிறவர்கள் உண்டு. முளைகளைக் குறுக்கு மறுக்காக, எதிரெதிர் மூலைகளாக அழுத்த வேண்டும். விசிறியின் கம்பியை சிபியு ஃபேன் என்று எழுதியிருக்கும் இடத்திலேயே செருக வேண்டும். மறந்தால் பல பெட்டிகள் விசிறி இல்லையென்று திரையிலே சத்தம் போடும்.

எல்லா வாசலும் திறந்திருந்தும் சூடு இறங்கவில்லையென்றால் சரக்கே அளவுக்கு மீறி வருகிறது என்று கொள்ள வேண்டும். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். எந்த மென்பொருள் பிராசசரை எவ்வளவு உபயோகிக்கிறது என்று அதில் தெரியும். விண்டோஸ் அப்டேட்டோ வைரஸ் சோதனையோ நடந்தால் சற்று நேரத்தில் அடங்கிவிடும். யாரும் தொடாதபோதும் விசிறி இரைந்துகொண்டே இருக்க, டாஸ்க் மேனேஜரைத் திறந்தவுடன் மட்டும் அடங்கினால் சந்தேகப்படுங்கள். பிறருடைய கம்ப்யூட்டரில் கள்ளத்தனமாகப் புகுந்து, அதன் உழைப்பில் டிஜிட்டல் நாணயம் சம்பாதிக்கும் திருட்டு மென்பொருள்கள் இருக்கின்றன. பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் பதுங்கிக்கொள்ளும் வகையும் உண்டு. காசு கொடாமல் விண்டோஸைத் திறக்கும் "சாவி"களோடு இவை வந்து சேர்வது வழக்கம். நம் கடை மின்சாரக் கட்டணத்தில் எவனோ ஒருவன் வியாபாரம் நடத்துகிறான். அத்தோடு நம் வங்கிக் கணக்கின் ரகசிய எண்ணும் அவன் கைக்குப் போகாது என்பதற்கு உத்தரவாதமில்லை. இப்படிப்பட்ட பெட்டியைத் துடைத்துப் பயனில்லை; விண்டோஸையே அடியோடு அழித்துப் புதிதாகப் போட வேண்டும்.

புதுப் பெட்டி வாங்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டின் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத அளவுக்குப் பழைய பெட்டியில் வங்கி வேலையும் இ-இன்வாய்ஸும் பார்க்கிறவர்கள் மாற்றுவது நியாயமே. அது சூட்டுக்காக அல்ல, பாதுகாப்புக்காக. விசிறி கரகரவென்று அரைத்தால் அதை மட்டும் மாற்றலாம். பெட்டி மாற்றச் சொல்கிறவரிடம், "எத்தனை டிகிரி காட்டியது? பக்கத் தகட்டைக் கழற்றியபின் எத்தனை? பேஸ்ட் மாற்றிப் பார்த்தீர்களா?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவர் வேலை தெரிந்தவர்.

வேலை முடிந்ததும் ஒரு சிறு தாளில் அன்றைய தேதியையும், சும்மா இருக்கும்போது எத்தனை டிகிரி, கூட்ட நேரத்தில் எத்தனை டிகிரி என்பதையும் எழுதிப் பெட்டியின் பக்கவாட்டில் வெளிப்புறமாக ஒட்டிவையுங்கள். துளைகளை மறைத்துவிட வேண்டாம். ஜவுளிக் கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், மற்றக் கடைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் திறந்து ஊதினால் போதும். அடுத்த தடவை எடுக்கும் டிகிரி தாளில் இருப்பதைவிடப் பத்து கூடியிருந்தால், பெருநாள் கூட்டம் தொடங்குவதற்கு முந்திய வாரமே பெட்டியைத் திறந்துவிடுங்கள்.